பச்சை எண்ணில் அப்பா

அலுவலகத்தில் அவளுக்கு 'ஒருவேளை அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாராவது ஒரு திட்டத்தை உற்சாகமாக விவரித்து முடித்து, எல்லோரும் தேநீருக்கு எழும் நேரம் பார்த்து, கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒருவேளை அந்த மதிப்பு வரவே இல்லைன்னா?" எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள். தேநீர் ஆறிப்போகும். ஆறிப்போன அத்தனை தேநீரும் சேர்ந்து வைத்த பெயர் அது.

முதியோர் இல்லங்களுக்குக் கண்காணிப்பு மென்பொருள் செய்து தரும் நிறுவனம். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டை. பட்டை நாடித்துடிப்பை அனுப்பும். அது நர்ஸ் மேசையில் இருக்கும் திரையில் எண்ணாகத் தெரியும். நலமாக இருந்தால் பச்சை எண், இல்லாவிட்டால் சிவப்பு எண்ணும் மணியும். எப்போது மணி அடிக்க வேண்டும் என்பதை இயந்திரத்துக்கு ஒரே வரியில் சொல்ல வேண்டும். நூற்றிருபதுக்கு மேல் போனால் அடி, நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் அடி என்கிற மாதிரி. அந்த வரிகளை எழுதுவதுதான் அவள் வேலை. கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு போல இருக்கும். பட்டை கழன்றுபோகும்வரை.

கழன்றுவிட்டால் நாடி என்று எதுவும் வராது. பூஜ்யம் வராது, ஒன்றுமே வராது. இரண்டும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் ஆள் போய்விட்டார். ஒன்றுமே வரவில்லை என்றால் ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்றே தெரியாது. அந்த நேரத்தில் இயந்திரத்திடம் 'நாடி நூற்றிருபதைத் தாண்டிவிட்டதா' என்று கேட்டால் அது ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. 'தெரியாது' என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். மனிதர்களிடம் தேடினாலும் கிடைக்காத நேர்மை. ஆனால் மணி இருக்கிறதே, அது 'ஆம்' என்ற சொல்லுக்கு மட்டுமே அசையும். ஆகவே 'தெரியாது' சத்தம் போடாமல் போய் 'இல்லை'யின் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். மனுக் கொடுத்தவர் பதிலே வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாரே, அந்த மாதிரி.

அதனால் அவள் எழுதும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு வால் இருக்கும்: ஒருவேளை எதுவும் வராவிட்டால், அப்போதும் மணி அடி. அந்த வால் இல்லாமல் அவள் ஒரு வரியும் வெளியே விட்டதில்லை. பெயர் கெட்டதுதான் மிச்சம். ஆனால் இரவில் தூங்கினாள்.

அந்த இல்லங்களில் ஒன்றில், மூன்றாம் மாடியின் கோடி அறையில், அவளுடைய அப்பா இருந்தார்.

அப்பா தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு பிறந்தவர் என்று அண்ணன் கேலி செய்வான். அம்மா போனபின் அவளோடுதான் இருந்தார். குளியலறையில் ஒரு தரம் விழுந்தார்; பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது இன்னொரு தரம் விழுந்து, அவளோ அவள் கணவனோ வரும்வரை தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகு இல்லம்தான், மறுபேச்சே இல்லை. கடல் கடந்து இருந்த அண்ணன், "நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டான். அங்கிருந்து அனுப்பக்கூடிய பொருள்களில் சம்மதம்தான் எடை குறைவு.

அவள் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். ஒரு ஞாயிறு அப்பா சொன்னார்:

"அடுத்த தடவை வரும்போது ஊசி, கறுப்பு நூல், ஒரு பாக்கெட் பிரஸ் பட்டன் வாங்கிட்டு வா."

"எதுக்குப்பா? இங்க யாருக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்க?"

"எதிர் ரூம் கண்டக்டருக்கு."

"அவருக்கு ஜாக்கெட்டா?"

"கேட்டதை வாங்கிட்டு வாயேன். வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்றா."

கண்டக்டர் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆயுள் முழுவதும் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். ஓடாத வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட முன்கம்பியைத் தேடும் கை.

"உங்கப்பா ரெண்டு நாள்ல தர்றேன்னாரும்மா" என்றார் அவர். "ரெண்டு வாரம் ஆச்சு."

"பாத்தியா, கடையை மூடினாலும் நான் தையக்காரன்தான்" என்று அப்பா சிரித்தார். அவள் ஊசியும் நூலும் பட்டனும் வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று மறுபடி கேட்கவில்லை. பொழுது போகட்டும் என்று நினைத்தாள்.

அடுத்த சில வாரங்களில் மூன்றாம் மாடியிலிருந்து மணி அடிப்பது கூடியது. சும்மா கூடவில்லை, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி அடித்தது. எல்லாம் நாடி வராத மணிகள். தலைமை நர்ஸ் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்க பட்டைக்கு என்ன வியாதி? பொழுது விடிஞ்சா பொழுது போனா டிங் டிங்னு உயிரை வாங்குது. எந்த ரூமுக்கு ஓடிப் போய்ப் பாத்தாலும், அந்த ஐயா கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. பட்டை மடியில கிடக்கு. 'என்னங்கய்யா'ன்னா 'கழண்டுடுச்சும்மா'ங்கறாரு. இந்தப் பக்கம் கட்டிவிட்டுத் திரும்பினா அந்தப் பக்கம் அடிக்குது."

"கொக்கி லூஸா இருக்கா?"

"கொக்கியைப் பாக்கவா எனக்கு நேரம்? இருக்கறது ரெண்டு பேர், மாடி முழுக்க ஓடறோம். நிஜமாவே ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா அந்த மணி எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கடைசிக் கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விகளைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். அநியாயமானவற்றை மறுத்துவிட்டுப் போய்விடலாம்.

மேலாளர் கூட்டம் போட்டார். கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து பேசமாட்டார். கடிந்து பேச வேண்டிய இடத்தில் புன்னகை செய்வார். அது இன்னும் கடுமையாக இருக்கும்.

"மேடம், அந்த வாலை வெட்டிடலாமா?"

"வெட்டினா, பட்டை இல்லாத ஆளுக்கு எது நடந்தாலும் மணி அடிக்காது சார்."

"வெட்ட வேண்டாம். நிரப்பிடலாம். மதிப்பு வரலைன்னா கடைசியா எது வந்துச்சோ அதையே வச்சுக்கலாம். எழுபத்திரண்டு இருந்துச்சா, எழுபத்திரண்டுன்னே எடுத்துக்கோ. மனுஷன் ஒரு நிமிஷத்துல மாறிடறானா என்ன?"

ஒரு நிமிடத்தில் மாறிவிடுகிறவர்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. தலைமை நர்ஸின் கேள்வி அவள் காதில் இருந்தது. நிரப்பினாள். ஆனால் எல்லை வைத்து நிரப்பினாள்: பத்து நிமிடம் வரை பழைய எண், அதன் பிறகும் ஒன்றும் வராவிட்டால் மணி.

மணி குறையவில்லை, பத்து நிமிடம் தள்ளி அடித்தது. எல்லையை ஒரு மணி நேரமாக்கினாள். ஒரு மணி நேரம் தள்ளி அடித்தது. ஒரு கொக்கிக் கோளாறுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அன்று மாலை மேலாளர் வந்து மேசையருகே நின்று புன்னகை செய்தார். எல்லையை எடுத்துவிட்டாள். அடுத்த எண் வரும்வரை பழைய எண், அது எப்போது வந்தாலும் சரி.

மூன்றாம் மாடி அமைதியானது. தலைமை நர்ஸ் அலுவலகத்துக்கு ஒரு கேக் அனுப்பினாள். "ஒருவேளை அக்கா திருந்திட்டாங்க" என்று இளசுகள் கைதட்டின. அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

அவள் வீட்டிலும் இந்த நிரப்பும் வழக்கம் எப்போதோ வந்துவிட்டிருந்தது. அண்ணன் வாரம் தவறாமல் கூப்பிடுவான்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு."

'அப்படியே' என்றால் போன ஞாயிறு பார்த்தபடி. வேலை கூடியபின் போன ஞாயிறு, அதற்கு முந்தின ஞாயிறானது. பிறகு போன மாதம். அவளுக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் அலுவலகக் கணினியின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் திறந்து வைத்திருந்தாள். அதில் அப்பாவின் எண் ஓடியது. எழுபத்தாறு. எழுபது. எழுபத்திரண்டு. பச்சை. கண்ணைத் திருப்பினால் அப்பா. இதைவிட நெருக்கமாக எந்த மகள் தகப்பனைப் பார்த்துக்கொண்டாள்? சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒரு தரம் பார்ப்பாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தரம். 'வர்றேன்ப்பா' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கணினியை அணைப்பாள்.

அன்று காலை வந்து கணினியைத் திறந்தபோது அப்பா எழுபத்திரண்டில் இருந்தார். அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோதும் எழுபத்திரண்டு. நல்லா தூங்கறாரு போல என்று நினைத்தாள். அப்போது தொலைபேசி அடித்தது. தலைமை நர்ஸின் குரலில் வழக்கமான சண்டை இல்லை.

"மேடம்... கொஞ்சம் வர முடியுமா? காபி குடுக்கப் போன பொண்ணுதான் பாத்துச்சு."

அவள் கேட்டுக்கொண்டே சதுரத்தைப் பார்த்தாள். எழுபத்திரண்டு.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உடம்பு விறைத்துப் போயிருந்தது. பட்டை கையில் இல்லை. போர்வையின் மேல், தைத்து முடித்த துணியை மடித்து வைப்பதுபோல நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை எடுத்தாள். நிறுவனம் போட்ட கெட்டியான கொக்கி அதில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பிரஸ் பட்டன். நெருக்கமான, பிசகாத, கறுப்பு நூல் தையல். சின்ன வயதில் அவள் பள்ளிச் சீருடையில் பார்த்த அதே தையல்.

"தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார் மருத்துவர். "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"தூக்கத்துலயே" என்றாள் தலைமை நர்ஸ்.

"புண்ணியவான், தூக்கத்துலயே" என்றார் இல்லத்து அலுவலர், மருத்துவர் சொன்னதைக் கேட்காமலே. சாவுக்கு வேறு தகவல் கிடைக்காதபோது நிரப்பிக்கொள்ள எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் சொல் அது.

அவள் வராந்தாவுக்கு வந்தாள். நர்ஸ் மேசைத் திரையில், கோடி அறைக்கு நேரே, அப்பா இன்னும் பச்சையாக இருந்தார்.

எதிர் அறை வாசலில் கண்டக்டர், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. அவள் கையில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"அந்தக் கொக்கி எங்க விரலுக்கெல்லாம் வராதும்மா. உங்கப்பாதான் வெட்டிட்டு, பிரஸ் பட்டன் வச்சுத் தைச்சுக் கொடுத்தாரு. மாடி முழுக்க. பட்டுனு கழட்டிடலாம்."

"எதுக்குய்யா கழட்டணும்?"

அவர் அவளை, டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கழட்டினா ஆள் வரும்ல? மணி அடிக்கும், அந்தப் பொண்ணு ஓடி வரும். திட்டிக்கிட்டேதான் வரும். திட்டட்டுமே, அதுவும் ஒரு மனுஷக் குரல்தானே. கட்டிவிடும், தலையணையைச் சரி பண்ணும், 'சாப்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேக்கும். அது போதும். உங்கப்பா கண்டுபிடிச்சது. அவரு சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."

"கூப்பிடறதுக்கு சுவிட்ச் இருக்கே."

"சுவத்துல இருக்கு. எழுந்து நின்னாதான் எட்டும். எழுந்து நிக்க முடிஞ்சா எதுக்கும்மா கூப்பிடறோம்?"

அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்; சுவிட்ச் கட்டிலுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

"கொஞ்ச நாளா கழட்டினாலும் யாரும் வர்றதில்ல" என்றார் கண்டக்டர். "எந்த மகராசன் என்ன பண்ணித் தொலைச்சானோ. நாங்க எல்லாம் விட்டுட்டோம். உங்கப்பா மட்டும் விடல. 'கொஞ்சம் லேட்டா வரும், பொறுங்கய்யா. அது எம் பொண்ணு எழுதினது, அடிக்காம போகாது'ன்னாரு."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பத்து நிமிடப் பொறுமையும், ஒரு மணி நேரப் பொறுமையும் யாருடையவை என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

சடங்கு, சான்றிதழ், வந்தவர்கள், போனவர்கள் எல்லாம் முடிந்தபின் அவள் அலுவலகத்துக்குப் போய் முதலில் அந்த இரவின் பதிவைத் திறந்தாள். அப்பா எப்போது பட்டையைக் கழற்றினார்? எவ்வளவு நேரம் காத்திருந்தார்? மாலையிலிருந்து காலைவரை எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று இடைவெளியில்லாமல் ஓடியிருந்தது. பட்டை அனுப்புவது சராசரிதான், படுத்திருப்பவருக்கு அது மாறாமலும் இருக்கும்; இதயம் அனுப்பிய எழுபத்திரண்டும் அவள் நிரப்பிய எழுபத்திரண்டும் ஒரே பச்சை, ஒரே எழுத்து. நிரப்பியது என்று ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுதியிருந்தாள். 'தெரியாது' என்றாவது பதிந்திருந்தால் எப்போது தெரியாமல் போனது என்று தெரிந்திருக்கும். அதையும் அவளே அழித்திருந்தாள்.

அன்று மாலை அண்ணன் கூப்பிட்டான். விமானம் கிடைக்காமல் வர முடியாதவன், குரல் கம்மியிருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாராமே? இல்லத்துல சொன்னாங்க."

"தெரியலண்ணா."

"என்ன தெரியல? டாக்டர் சொன்னாராம்ல?"

"அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"கஷ்டப்பட்டாரான்னாவது..."

"பட்டையைக் கழட்டி வச்சிருந்தாரு. முழிச்சுதான் இருந்திருக்காரு. கூப்பிட்டிருக்காரு. எப்போ, எவ்வளவு நேரம், அது தெரியல."

அவன் மெதுவாக, பேரம் பேசுவதுபோலச் சொன்னான்: "கூப்பிட்டுட்டு அப்படியே தூங்கியிருப்பாரு. தூக்கத்துலதான் போயிருப்பாரு. அப்படியே வச்சுக்குவோமே, பாப்பா."

"நீ வச்சுக்கோண்ணா" என்றாள்.

யாரிடமும் கேட்காமல் அவள் பழைய வாலை ஒட்டினாள். ஒருவேளை எதுவும் வராவிட்டால், அந்த நிமிடமே மணி அடி. நிரப்புகிற வரியை வேரோடு பிடுங்கினாள். மறுநாளே மூன்றாம் மாடி அலறியது. செய்தி எப்படியோ பரவி இரண்டாம் மாடியும் அலறியது. வேறு இல்லங்களும் அலறின. அங்கெல்லாம் யார் பிரஸ் பட்டன் தைத்தார்களோ தெரியாது. தலைமை நர்ஸ் தொலைபேசியில் அழுதாள். "மேடம், உங்க துக்கம் எனக்குப் புரியுது. எனக்கு ரெண்டு கால்தான் இருக்கு."

அவள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டை கழல்வது கோளாறு இல்லை, அது கூப்பிடுவது. நர்ஸ்களைக் கூட்டினால் மணி தானாகக் குறையும் என்றாள். மேலாளர் முழுவதையும் கேட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்வோடு வந்தார். ஒரு புதிய பட்டையை மேசையில் வைத்தார். கொக்கி இல்லை, தையல் இல்லை, ஒரே வார்ப்பு. பூட்டினால் நர்ஸிடம் உள்ள சாவியால்தான் திறக்கும். நீரில் நனைந்தாலும் கெடாது, மின்கலம் ஓராண்டு தாங்கும்.

"அப்பாவுக்கு நடந்தது இனிமே யாருக்கும் நடக்கக் கூடாதுன்னுதான் மேடம்" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். "இனி மதிப்பு வராம போக வழியே இல்ல. ஒருவேளைக்கே வேலை இல்ல."

எல்லோரும் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள். குரல் வரவில்லை. தேநீருக்கு எழுந்தார்கள். அது சூடாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் இல்லத்துக்குப் போனாள். நர்ஸ் மேசைத் திரையில் வரிசை வரிசையாகப் பச்சை எண்கள். ஒரு காலிக் கட்டம்கூட இல்லை. தலைமை நர்ஸ் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோடி அறையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். எதிர் அறையில் கண்டக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, பட்டையின் விளிம்பை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாப்டீங்களாய்யா?"

கண்டக்டர் அவளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி பட்டையைப் பார்த்தார்.

"கழட்டவே முடியலையேம்மா இது" என்றார். "அப்புறம் நீ எப்படி வந்தே?"